கொழுகொழு குட்டியும் கோணல் காலும்: பெரிய இன நாய்க்குட்டி உணவின் கதை

மதுரையில் இருக்கும் என் மாமா ஒரு கிரேட் டேன் குட்டி வாங்கினார். வீட்டுக்கு வரும்போது அதற்கு இரண்டு மாதம்தான். ஆனால் ஒவ்வொரு பாதமும் ஒரு இட்லி அளவு இருந்தது. பீமன் என்று பெயர் வைத்தார்கள். பெயருக்கேற்ற சாப்பாடும் போட்டார்கள். குட்டிகளுக்கென்று கடையில் விற்கும் நாய் உணவு கிண்ணத்தில் எந்நேரமும் நிரம்பி இருக்கும். அது போதாதென்று அத்தை காலையில் பால் ஊற்றுவார், மாலையில் முட்டை கொடுப்பார். "இம்புட்டுப் பெரிய ஒடம்பத் தாங்கணும்ல, எலும்பு வலுவா இருக்க வேண்டாமா?" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதால், தினமும் மூன்று வேளை கால்சியம் சிரப் வேறு. பார்க்கிறவர்கள் எல்லாம் "குட்டி என்ன இப்படிக் கொழுகொழுன்னு இருக்கு!" என்பார்கள். மாமாவுக்குப் பெருமை தாங்காது.

ஐந்தாவது மாதத்தில் பீமனின் முன்கால்கள் இரண்டும் வளைய ஆரம்பித்தன. கால்சியம் போதவில்லை போலிருக்கிறது என்று சிரப்பின் அளவைக் கூட்டினார்கள். வளைவும் கூடியது. கடைசியில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பீமனைத் தொடுவதற்கு முன்பே, "என்னென்ன குடுக்குறீங்க?" என்றுதான் கேட்டார். மாமா பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார். கேட்டு முடித்ததும், "சிரப்ப இன்னைக்கே நிறுத்துங்க சார். சாப்பாட்டையும் அளந்து போடுங்க" என்று சொல்லிவிட்டார்.

மாமாவால் நம்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் என்னாலும் முடியவில்லை. எலும்பு என்றால் கால்சியம் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? அது அதிகமானால் கால் எப்படிக் கோணும்? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தேன். தேடத் தேட, அது 150 வருடக் கதையாக நீண்டது. ஒரு காலத்தில் நாய்க்குட்டிகளின் கால் கோணியது பற்றாக்குறையால். அந்தப் பற்றாக்குறைக்குக் கண்டுபிடித்த மருந்தே பின்னால் வந்த தலைமுறையில் பெரிய இனக் குட்டிகளின் காலைக் கோண வைத்தது. இந்தத் தலைகீழ் மாற்றம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால், புதிதாகக் குட்டி வாங்குகிறவர்கள் கடையில் குழம்பி நிற்க வேண்டியிருக்காது.

ரோமாபுரியின் பார்லி மாவு

நாய்க்கு என்ன உணவு போடலாம் என்று எழுதி வைத்த பழைய ஆட்களில் ஒருவர் கொலுமெல்லா. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசில் வாழ்ந்தவர். விவசாயத்தைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். பாலைத் திரித்துக் கட்டி எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரில் பார்லி மாவைக் கலந்து கொடுத்தால் எல்லா நாய்களுக்கும் ஏற்றது என்கிறார். பால் கிடைக்காத தோட்டங்களில், பருப்பு வகைகளை வேகவைத்த நீரில் கோதுமை ரொட்டியை ஊறவைத்து வெதுவெதுப்பாகக் கொடுக்கச் சொல்கிறார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர் சொல்வது பண்ணையில் மிஞ்சும் பொருட்களைத்தான். அதற்குப் பிறகும் பல நூற்றாண்டுகளுக்கு நாயின் உணவு என்றால் வீட்டில் மிஞ்சியதுதான். நம் ஊரில் பழைய சோறும் மீன் முள்ளும் போடுவது போலத்தான் அங்கும். நாய் அதோடு தானாகவும் ஏதாவது தேடித் தின்னும், எலும்பைக் கடிக்கும். குட்டிக்கு ஒரு உணவு, பெரிய நாய்க்கு ஒரு உணவு என்று கடைக்குப் போய்த் தேர்ந்தெடுக்கும் பேச்சே அப்போது இல்லை.

இடிதாங்கி விற்கப் போனவர்

கடையில் வாங்கும் நாய் உணவைத் தொடங்கி வைத்தவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர். இடிதாங்கி வியாபாரத்துக்காக இங்கிலாந்து போனவர். கப்பல்காரர்கள் தூக்கி எறிந்த காய்ந்த கப்பல் பிஸ்கட்டுகளைத் துறைமுகத்து நாய்கள் போட்டி போட்டுக்கொண்டு தின்பதை அங்கே பார்த்தார் என்றும், அதிலிருந்துதான் அவருக்கு யோசனை பிறந்தது என்றும் சொல்வார்கள். 1860-களின் தொடக்கத்தில் கோதுமை, பீட்ரூட், காய்கறி, மாட்டிறைச்சி ஆகியவை சேர்ந்த நாய் பிஸ்கட்டை அவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் கிரஃப்ட் என்பவர்தான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற 'கிரஃப்ட்ஸ்' நாய்க் கண்காட்சியை நடத்தியவர். அவர் பெயரிலான முதல் கண்காட்சி 1891-ல் லண்டனில் நடந்தது.

உணவு வியாபாரமும் கண்காட்சியும் ஒன்றாகவே வளர்ந்தன என்பது இந்தக் கதைக்கு முக்கியம். கண்காட்சி என்று வந்துவிட்டால் பெரிய நாய், பளபளக்கும் நாய், சீக்கிரம் வளர்ந்த நாய் இதற்கெல்லாம் மதிப்பு. கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட், மாஸ்டிஃப் போன்ற பெரிய இனங்களை வளர்ப்பவர்களுக்கு 'இன்னும் பெரிதாக' என்பதே குறிக்கோள் ஆனது. (பெயரில் 'டேன்' இருந்தாலும் கிரேட் டேன் உருவானது டென்மார்க்கில் அல்ல, ஜெர்மனியில்!)

சிங்கக் குட்டிகளும் ஓட்ஸ் கஞ்சியும்

அந்தக் காலத்து ஐரோப்பாவை ஆட்டிப்படைத்த நோய்களில் ஒன்று ரிக்கெட்ஸ். தொழிற்சாலைப் புகை மூடிய நகரங்களில் ஏழைக் குழந்தைகளின் கால்கள் வில் போல வளைந்தன. காரணம் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

1889-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் ஒரு முக்கியமான விஷயம் நடந்தது. அங்கே சிங்கக் குட்டிகளுக்குக் கொழுப்பில்லாத குதிரை இறைச்சியைப் போட்டுவந்தார்கள். குட்டிகள் ரிக்கெட்ஸ் வந்து அவதிப்பட்டன. ஜான் பிளாண்ட் சட்டன் என்ற மருத்துவர், இறைச்சியோடு நொறுக்கிய எலும்பு, பால், காட் மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய் ஆகியவற்றையும் சேர்க்கச் சொன்னார். சில மாதங்களில் குட்டிகள் தேறிவிட்டன. வெறும் இறைச்சியில் கால்சியம் மிகவும் குறைவு, பாஸ்பரஸ் அதைவிடச் சுமார் 20 மடங்கு இருக்கும் என்பதை இன்று நாம் அறிவோம். சிங்கம் காட்டில் எலும்பையும் சேர்த்துக் கடிக்கிறது. கூண்டில் அதற்கு வழியில்லை.

அடுத்து வந்தவர் எட்வர்ட் மெல்லன்பி. முதல் உலகப் போர்க் காலத்தில் லண்டனில் அவர் செய்த ஆராய்ச்சிக்குப் பயன்பட்டவை நாய்க்குட்டிகள். அவற்றை வீட்டுக்குள்ளேயே வைத்து, ஸ்காட்லாந்து ஏழைகளின் அன்றாட உணவான ஓட்ஸ் கஞ்சி போன்றவற்றைக் கொடுத்தார். குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வந்தது. காட் மீன் எண்ணெய் சேர்த்ததும் குணமானது. 1919-ல் இந்த முடிவுகளை விரிவாக வெளியிட்டார். எண்ணெயில் உள்ள வைட்டமின் ஏ தான் காரணமாக இருக்கும் என்று அவர் எண்ணினார். அது வேறொரு பொருள் என்று அமெரிக்காவில் மெக்கோலம் குழுவினர் 1922-ல் காட்டினார்கள். அதுதான் வைட்டமின் டி.

யோசித்துப் பாருங்கள். இன்று உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்தாகக் கொடுக்கும் வைட்டமின் டி பற்றிய அறிவு, கால் கோணிப்போன நாய்க்குட்டிகள் வழியாகத்தான் நமக்கு வந்தது. அந்தக் குட்டிகளுக்கு நாம் பட்டிருக்கும் கடன் சின்னதல்ல.

ஆனால் இங்கேதான் கதையின் திருப்பமும் ஒளிந்திருக்கிறது. மீன் எண்ணெயும் எலும்புப் பொடியும் கொடுத்தால் கால் நேராகும் என்பது நிரூபணமாகிவிட்டது அல்லவா? அப்படியானால் கூடுதலாகக் கொடுத்தால் கால் இன்னும் வலுவாகும் என்று நாய் வளர்ப்பவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். கஞ்சியும் ரொட்டியும் தின்ற குட்டிக்கு அது சரியான மருந்து. எல்லாச் சத்தும் ஏற்கனவே இருக்கும் உணவைத் தின்கிற குட்டிக்கு? இந்தக் கேள்வியை வெகு காலம் பெரிதாக யாரும் கேட்கவில்லை.

எப்போதும் நிரம்பிய கிண்ணம்

1920-களில் அமெரிக்காவில் டப்பாவில் அடைத்த குதிரை இறைச்சி நாய் உணவாக விற்பனைக்கு வந்தது. இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு வந்ததும் டப்பா உணவு குறைந்து உலர் உணவு பெருகியது. 1957-ல் பியூரினா நிறுவனம், மாவை அழுத்தத்தில் சூடாக்கிச் சிறு துளை வழியே தள்ளிப் பொரிய வைத்த உருண்டைகளை விற்கத் தொடங்கியது. காலை உணவுக்கான தானியப் பொரி செய்யும் அதே முறை. இன்று கடைகளில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும் உலர் நாய் உணவில் பெரும்பகுதி இந்த வழியில் வந்ததுதான்.

இந்த உருண்டைகள் கெட்டுப் போகாது. காலையில் கிண்ணத்தை நிரப்பி வைத்தால் நாய் நினைத்தபோதெல்லாம் தின்னும். வளர்ப்பவருக்கு வேலை மிச்சம். உணவும் முன்பு போல வெறும் மாவு அல்ல. புரதம், கொழுப்பு, கால்சியம், வைட்டமின் எல்லாம் சேர்ந்த செறிவான உணவு. மனித வரலாற்றில் முதல் முறையாக நாய்க்குட்டிகளுக்குச் சத்தான உணவு வயிறு கொண்ட மட்டும் கிடைத்தது.

கிட்டத்தட்ட அதே காலத்தில் வேறொரு நோய் பெரிதாகப் பேசப்பட்டது. அதுதான் ஹிப் டிஸ்பிளேசியா. தொடை எலும்பின் பந்து முனை இடுப்புக் குழியில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து, நாளடைவில் மூட்டு தேய்ந்து, நாய் எழுந்து நடக்கவே சிரமப்படும் நோய். நாய்களில் இதை 1935-ல் ஷ்னெல் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் முதலில் விவரித்தார். பெரிய இனங்களில்தான் அதிகம் காணப்பட்டது. இது பரம்பரை நோய், நல்ல ஜோடியைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தால் ஒழித்துவிடலாம் என்ற எண்ணத்தில் 1966-ல் தொழிலதிபர் ஜான் ஓலின் முன்முயற்சியில் அமெரிக்காவில் ஒரு அமைப்பே தொடங்கப்பட்டது. பரம்பரை முக்கியம்தான், சந்தேகமில்லை. ஆனால் பழியில் பாதி கிண்ணத்தின் மேலும் இருந்தது.

1974: சந்தேகம் கிண்ணத்தின் மேல்

நியூயார்க் மாநிலத்தின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹெதம்மர், கிரூக் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் கிரேட் டேன் குட்டிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். இரண்டு பிரிவுக்கும் ஒரே செறிவான உணவு. ஒரு பிரிவுக்கு வேண்டுமட்டும், மற்றதற்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும். 1974-ல் முடிவுகள் வெளியாயின.

வேண்டுமட்டும் தின்ற குட்டிகள் வேகமாக வளர்ந்தன, எடை போட்டன. பார்ப்பதற்குப் பீமன் போலக் கொழுகொழுவென்று இருந்திருக்கும். ஆனால் அவற்றின் எலும்பும் மூட்டும் பல இடங்களில் பழுதாயின. குறைவாகத் தின்றவை மெலிந்து, மெதுவாக வளர்ந்தன. அவற்றின் எலும்புகளோ எவ்வளவோ மேல்.

ஏன் இப்படி? ஒரு கணக்குப் போட்டால் புரியும். மனிதக் குழந்தை சுமார் 3 கிலோ எடையில் பிறந்து 60 கிலோ ஆவதற்கு, அதாவது 20 மடங்கு ஆவதற்கு, 18 வருடம் எடுத்துக்கொள்கிறது. பெரிய இன நாய்க்குட்டி பிறந்த எடையைப் போல 70 முதல் 100 மடங்கை ஒரு வருடம், ஒன்றரை வருடத்திலேயே எட்டிவிடுகிறது. வளரும் எலும்பின் முனைகளில் குருத்தெலும்பு இருக்கும். அது ஒழுங்காக முதிர்ந்து எலும்பாக மாற நேரம் வேண்டும். அதற்குள் மேலே இருந்து உடம்பு அழுத்தினால்? பச்சைக் கான்கிரீட் காய்வதற்குள் அடுத்த மாடியை எழுப்புவது போலத்தான்.

ஆனால் அந்த உணவில் எல்லாமே அதிகம். புரதம், கலோரி, கால்சியம், பாஸ்பரஸ் என்று எதுவும் குறையவில்லை. இவற்றில் குற்றவாளி யார்? பலரும் புரதத்தின் மேல் பழியைப் போட்டார்கள். 'பெரிய இனக் குட்டிக்குப் புரதம் கூடாது' என்ற பேச்சு இன்றும் காதில் விழுகிறது. அது தவறு என்று நெதர்லாந்தில் தெரிந்தது.

உட்ரெக்ட் சொன்ன தீர்ப்பு

உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேஸவிங்கல் என்ற கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவினரும் கிரேட் டேன் குட்டிகளின் உணவில் ஒவ்வொரு சத்தாகப் பிரித்துச் சோதித்தார்கள். 1985-ல் கால்சியம் பற்றிய முடிவுகள் வந்தன. ஒரு பிரிவின் உணவில் 1.1 சதவீதம் கால்சியம், மற்றதில் 3.3 சதவீதம். அதிகக் கால்சியம் தின்ற குட்டிகளில் குருத்தெலும்பு எலும்பாக மாறுவது தடைப்பட்டது. முன்காலில் இரண்டு எலும்புகள் அருகருகே உள்ளன. ஒன்றின் வளர்ச்சி தடைப்பட்டு மற்றது வளர்ந்துகொண்டே போனால் கால் வில்லாக வளைவதைத் தவிர வேறு வழியில்லை. பீமனுக்கு நடந்தது இதுவேதான்.

வளர்ந்த நாயாக இருந்தால், உணவில் கால்சியம் மிகுந்தாலும் குடல் தேவைக்கு ஏற்பக் குறைவாக உறிஞ்சிக்கொள்ளும். சின்னக் குட்டியின் குடலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. முதல் சில மாதங்களில், உள்ளே போகும் கால்சியத்தில் ஏறக்குறைய பாதி, வேண்டுமோ வேண்டாமோ, உடம்பில் ஏறிவிடும். உடம்பு அதைச் சமாளிக்க எலும்பைக் கரைத்துச் செதுக்கும் வேலையை நிறுத்திவைக்கிறது. எலும்பு வளர்வதற்குக் கட்டுமானம் மட்டும் போதாது, செதுக்குவதும் வேண்டும். செதுக்காமல் கட்டிக்கொண்டே போனால் வடிவம் கெடும்.

அதே குழுவினர் 1991-ல் புரதத்தைச் சோதித்தார்கள். ஏறத்தாழ 32, 23, 15 சதவீதம் புரதம் உள்ள மூன்று உணவுகள். அதிகப் புரதத்தால் எலும்பு கெட்டதாகத் தெரியவில்லை. ஆக, புரதம் விடுதலை. கால்சியமும் கலோரியும்தான் குற்றவாளிகள்.

இன்னொரு ஆச்சரியம் 1994-ல் வந்தது. நம் தோலில் வெயில் பட்டால் வைட்டமின் டி உருவாகும். நாய்க்கும் பூனைக்கும் அப்படித் தேவையான அளவு உருவாவதில்லை என்று அதே உட்ரெக்டில் கண்டுபிடித்தார்கள். குட்டியை வெயிலில் கட்டிப்போட்டால் எலும்பு உறுதிப்படும் என்று நம் ஊரிலும் சொல்வார்கள். பாவம், குட்டிக்கு நாக்குத் தள்ளுவதுதான் மிச்சம். அதற்கு வைட்டமின் டி உணவிலிருந்துதான் கிடைக்க வேண்டும்.

48 லாப்ரடார்கள்

கடைசியாக ஒரு ஆராய்ச்சி. இதை நடத்தியது நாய் உணவு விற்கும் பியூரினா நிறுவனமே என்பது வேடிக்கை. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்தார்கள். ஜோடியில் ஒன்று தின்னும் அளவில் 25 சதவீதம் குறைத்து மற்றதற்குக் கொடுத்தார்கள். எட்டு வார வயதில் இது தொடங்கியது.

இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அதிகம் தின்ற 24 நாய்களில் 16-க்கு ஹிப் டிஸ்பிளேசியா இருந்தது. குறைவாகத் தின்ற 24-ல் 7-க்கு மட்டுமே. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த குட்டிகளுக்குள்ளேயே இந்த வித்தியாசம்! இது 1992-ல் வெளிவந்தது. ஆராய்ச்சியை அந்த நாய்களின் ஆயுள் முழுக்கத் தொடர்ந்தார்கள். 2002-ல் வந்த முடிவின்படி அதிகம் தின்றவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 வருடம், குறைவாகத் தின்றவற்றின் ஆயுள் 13 வருடம். கிட்டத்தட்ட இரண்டு வருடம் கூடுதல். மருந்து மாத்திரை எதுவும் இல்லை, கிண்ணத்தில் கால் பங்கு குறைத்ததுதான்.

பொட்டலத்தின் மேல் ஒரு வரி

இந்த ஆராய்ச்சிகளின் பயனாக 1990-களில் 'பெரிய இனக் குட்டிகளுக்கு' என்று தனி உணவுகள் கடைகளில் பரவலாயின. ஆனால் எழுதப்பட்ட விதிமுறை வருவதற்கு இன்னும் காலம் பிடித்தது. அமெரிக்காவில் கால்நடைத் தீவன விதிகளின் மாதிரியை எழுதும் 'ஆஃப்கோ' என்ற சங்கம், எல்லா நாய்களுக்கும் கால்சியத்தின் உச்சவரம்பு 2.5 சதவீதம் என்றே வைத்திருந்தது. 2016 வெளியீட்டில்தான் வளரும் பெரிய நாய்களுக்கு மட்டும் அது 1.8 சதவீதம் என்று குறைந்தது. வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ அல்லது அதற்கு மேல் எடை வரக்கூடிய நாய்கள் இந்தப் பிரிவில் வருகின்றன. அந்த உணவு இவற்றின் வளர்ச்சிக்கும் ஏற்றதா இல்லையா என்று பொட்டலத்தில் ஒரு வரி சேர்க்கும் முறையும் அதோடு வந்தது.

உட்ரெக்ட் ஆராய்ச்சி 1985. விதி 2016. நடுவில் 31 வருடம்! அறிவு பிறப்பது ஒரு நாள், அது கடைத்தெருவுக்கு வருவது இன்னொரு நாள் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

அப்படியானால் எதை வாங்குவது?

இவ்வளவு வரலாற்றையும் படித்த பிறகு எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் மருத்துவன் அல்ல, மாணவன். உங்கள் குட்டியைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதலாவது, 'பெரிய இனக் குட்டிகளுக்கு' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆஃப்கோ முறைப்படி எழுதிய பொட்டலம் என்றால், பெரிய நாய்களின் வளர்ச்சியையும் உள்ளடக்கியது என்ற வரி இருக்க வேண்டும். 'பெரிய நாய்களின் வளர்ச்சி நீங்கலாக' என்று இருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இரண்டாவது, கால்சியம் அளவு. ஈரப்பதத்தை நீக்கிய கணக்கில் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். பொட்டலத்தில் 1.2 சதவீதம் என்றும் ஈரப்பதம் 10 சதவீதம் என்றும் போட்டிருந்தால், 1.2-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். 1.33 வரும். இது சரியான அளவு. குறைந்தபட்ச அளவை மட்டும் போட்டிருந்தால், உண்மை அளவு என்ன என்று நிறுவனத்தையே கேட்கலாம்.

மூன்றாவது, இப்படிப்பட்ட முழு உணவு கொடுக்கும்போது கால்சியம் சிரப், எலும்புப் பொடி எதுவும் மேலே வேண்டாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. வீட்டில் சமைத்த சோறும் கறியும் மட்டும் தின்கிற குட்டியின் நிலைமை வேறு. அது லண்டன் சிங்கக் குட்டியின் நிலைமை. அதற்குக் கால்சியம் உண்மையிலேயே போதாது. எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவர்தான் கணக்கிட வேண்டும். பீமனின் கதையைக் கேட்டு அந்தக் குட்டிக்கும் கால்சியத்தை நிறுத்திவிட்டால் அதுவும் ஆபத்துதான்.

நான்காவது, கிண்ணத்தை நிரப்பி வைக்காதீர்கள். நாளுக்கு இவ்வளவு என்று எடை போட்டு, வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது, ஆனால் விரலால் தடவினால் சுலபமாகத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். மெதுவாக வளர்ந்தால் நாய் குள்ளமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பரம்பரையில் எழுதிய உயரத்தை அது எட்டத்தான் போகிறது, கொஞ்சம் தாமதமாக.

பீமன் இப்போது

சிரப் நின்றது. பாலும் முட்டையும் நின்றன. மாமா சமையலறைத் தராசை எடுத்துவந்து உணவை எடை போட ஆரம்பித்தார். முதல் வாரம் பீமன் காலிக் கிண்ணத்தைக் கவ்விக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றியது. அத்தைக்கு மனசே கேட்கவில்லை. "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறீங்களே" என்று மாமாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார்.

இப்போது இடது கால் ஏறக்குறைய நேராகிவிட்டது. வலது கால் கொஞ்சம் கோணல்தான், இனி அது அப்படியேதான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஓடும்போது லேசாக விந்தும். போன மாதம் போயிருந்தபோது வாசலில் அதே பக்கத்து வீட்டுக்காரர் நின்று, "என்னங்க, குட்டி எளைச்சுப் போச்சு?" என்று கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, எளைச்சுதான் போச்சு. அதான் நடக்குது" என்றார். பாட்டி சொல்லும் 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்ற பழமொழி எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.